வியாழக்கிழமைக்கு ஒரு சம்மதம்

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. எழுந்ததும் மோட்டார் போட்டேன். மேல்தொட்டி நிரம்புவதற்குள் பால் காய்ச்சி, வீட்டுக்காரருக்கும் எனக்கும் டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி முடித்தேன். திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சர் சரியான நேரத்துக்கு வந்தது. ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. மழை விட்டும் பேரணிப் பக்கம் வயல்களில் தண்ணீர் வடியவில்லை. விழுப்புரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். கல்லூரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்புக்குப் போனேன்.

அன்று நடத்தப் புதுப் பாடம் எதுவும் இல்லை. மழை விடுமுறையால் தள்ளிப்போன ஒரே தேர்வு என்னுடைய தாள், வணிகச் சட்டம். அதை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மாற்றியிருந்தார்கள். விருப்பப்பட்டவர்கள் சந்தேகம் கேட்க வரலாம் என்று சொல்லியிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் ஏற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏதாவது கொடுத்துப் பெற வேண்டும், இருவரும் மனம் ஒப்பிச் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன்.

வளவனூரிலிருந்து வரும் பெண் எழுந்து நின்றாள். கல்யாண வீடுகளில் மெஹந்தி வைத்துப் படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறவள். அவள் வரைந்த மணப்பெண் கைகளைப் பல பேர் போனில் பார்த்திருக்கிறேன். முழங்கை வரை கோடு ஒன்றுகூட நடுங்கியிருக்காது.

"மேம், எனக்கே ஒரு கேஸ் இருக்கு. திண்டிவனத்துல ஒரு பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மெஹந்தி வெக்கிறேன்னு ஒத்துக்கினு அட்வான்ஸ் வாங்கிட்டேன். இப்ப அதே நேரத்துக்கு எக்ஸாம் வந்துடுச்சு. காலையில அவங்க வீட்ல பந்தக்கால் நடுறாங்க, சாயங்காலம் நலங்கு. வேற நேரமே இல்ல."

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்: "இதுல இன்னா பேஜாரு? தேதியை மாத்துனது யூனிவர்சிட்டி. உன்னால செய்ய முடியாமப் போச்சு, ஒப்பந்தம் கேன்சல். மேம் போன மாசம்தான் நடத்துனாங்க."

"முடியாமப் போவல. கஷ்டமாப் போச்சு, அவ்ளோதான். மண்டபம் எரிஞ்சிபோச்சுன்னா முடியாது. எனக்குக் கை நல்லாத்தான இருக்குது?"

"அப்ப உன் ஃப்ரண்டை அனுப்பு."

"அந்தக்கா என் கைக்குத்தான் அட்வான்ஸ் குடுத்தாங்க. உன் கல்யாணத்துக்கு வேணும்னா அவளை அனுப்புறேன்."

வகுப்பு சிரித்தது. பையனும் சிரித்தான். இரண்டு கேள்விக்கும் விடை சரி. நான் சொல்ல அவள் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

பரீட்சையைச் சொல்லி, வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று முந்தின நாளே அவள் மணப்பெண்ணிடம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாளாம். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

"பாத்துட்டு சும்மா இருக்காங்கன்னா ஓகேன்னுதான் அர்த்தம்," என்றான் பையன். "வியாழக்கிழமை ஜல்தியாப் போய் கோனைப் புழி."

"சும்மா இருந்தா சம்மதம் இல்லடா. நான் உனக்கு, 'பதில் போடலேன்னா உன் பைக் எனக்கு'ன்னு மெசேஜ் அனுப்பட்டுமா?"

வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு மணப்பெண் யார் என்று விசாரித்தேன். பெயரைச் சொன்னதுமே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சில வருடங்களுக்கு முன் இதே வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கேஷியர். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கி நின்று பேசுவாள்.

"இதுக்கா இவ்வளவு கவலைப்பட்ட? ஒரு போன் போட்டா முடிஞ்சிது. நான் சொன்னா அவ கேப்பா," என்றேன்.

"அதான் மேம் வேணாங்கிறேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க சொன்னா அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. டீச்சர் கேட்டுட்டாங்களேன்னு ஒத்துக்குவாங்க. அது சுதந்திரமான சம்மதமா மேம்? நீங்கதான் எழுதிப் போட்டீங்க, தகாத செல்வாக்குன்னு."

தகாத செல்வாக்கு என்றால், ஒருவர் மறுக்க முடியாத இடத்தில் இருந்துகொண்டு சம்மதம் வாங்குவது. அதை நடத்தும்போது முதலாளி தொழிலாளி, டாக்டர் நோயாளி என்றெல்லாம் உதாரணம் சொல்வேன். ஆசிரியர் மாணவர் என்றும் சொல்வேன். அந்த ஆசிரியராக என்னை நினைத்துப் பார்த்ததில்லை.

"உன் பரீட்சை போயிடுமே," என்றேன்.

"போனா ஏப்ரல்ல எழுதுறேன் மேம். அரியர்தான் விழும். வீட்ல திட்டுவாங்க. நீங்க வீட்டை மட்டும் காட்டுங்க, போதும். உள்ள வராதீங்க. உங்க ஸ்டூடண்ட்டுன்னும் சொல்ல மாட்டேன்."

மாலை பாசஞ்சரில் இருவரும் திண்டிவனம் வந்தோம். முண்டியம்பாக்கம் தாண்டும் வரை புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். தெருமுனையில் நின்று வீட்டைக் காட்டினேன். அந்த வீட்டை ஒட்டியே என் தையல்காரம்மாவின் கடை. தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கும் சாக்கில் அங்கே உட்கார்ந்தேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும். கேட்கக் கூடாதென்றுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டேன்.

முதலில் மணப்பெண்ணின் அத்தை குரல். கல்யாண வேலையெல்லாம் அந்த அம்மாள் பொறுப்பில்தான் நடந்தது.

"இன்னாம்மா, வெள்ளிக்கிழமைக்கு இன்னைக்கே வந்து நிக்கிற? கோன் காஞ்சிடப் போவுது."

"நேத்து மெசேஜ் அனுப்பினேன் ஆன்ட்டி. பதில் வரல. அதான் நேர்ல கேக்கலாம்னு."

மணப்பெண் வந்துவிட்டாள் போலிருக்கிறது. "பாத்தேன்மா, சாரி. வியாழக்கிழமை கடையில எனக்கு கடைசி நாள். புது ஆளுகிட்ட கல்லாவை ஒப்படைக்கணும். அத்தையும் வேணாம்னுச்சு. எப்டி சொல்றதுன்னு வெச்சிக்கினு இருந்துட்டேன்."

வகுப்பில் அந்தப் பையன் சொன்னதைக் கேட்டு வியாழக்கிழமை வந்திருந்தால் மணப்பெண் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள், என் மாணவி கோனோடு வாசலில் நின்றிருப்பாள். மௌனம் சம்மதம் ஆகாது என்ற விதியைச் சொல்ல எத்தனையோ வருடங்களாகப் பழைய வழக்கு ஒன்றையே நடத்துகிறேன். எங்கள் ஊரிலேயே ஒரு தெருவுக்குள் அது இத்தனை தெளிவாக நடக்கும் என்று நினைக்கவில்லை.

"அக்கா, மூணு வழி இருக்கு. நீங்க வெள்ளிக்கிழமைதான் வேணும்னா, ஒத்துக்கிட்டபடி நான் வர்றேன். வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமை. ரெண்டும் வேணாம், வேற ஆளு பாத்துக்கிறேன்னா அட்வான்ஸை இப்பவே குடுத்துட்டுப் போறேன். எதுன்னு நீங்க சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை வந்தா உனக்குப் பரீட்சை?"

"அது என் கவலைக்கா. அதுக்காக நீங்க ஒத்துக்க வேணாம்."

"பெரிய வக்கீலாட்டம் பேசுது பாரு," என்றாள் அத்தை. "வியாழக்கிழமை வெச்சா ரிசப்ஷனுக்குள்ள கலரு போயிடாதா?"

"இல்ல ஆன்ட்டி. ஒரு நாளு போனாதான் நல்லா கருஞ்சிவப்பா ஏறும். சனிக்கிழமை ரிசப்ஷனுக்கு சூப்பரா இருக்கும்." அவளே தொடர்ந்தாள்: "ஆனா ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்கு உள்ளங்கையில லேசா இறங்கும். அதையும் சொல்லிடறேன்."

எனக்குக் கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போகலாம் போலிருந்தது. இதை இப்போது யார் கேட்டார்கள்? ஆனால் தெரிந்த குறையை மறைத்து வாங்குகிற சம்மதமும் சம்மதம் இல்லைதான். அதையும் நான்தான் எழுதிப் போட்டிருக்கிறேன்.

"நல்லா வியாபாரம் பண்ற போ!" என்று சிரித்தாள் அத்தை. "உன் சரக்கை நீயே கொறை சொல்ற."

"அப்பறம் போட்டோவைப் பாத்துட்டு நீங்க சொல்லுவீங்களே ஆன்ட்டி."

மணப்பெண், "கடையில கேக்கணும். நாளைக்கே ஒப்படைச்சிட முடியுதான்னு பாக்கறேன். ராத்திரிக்குள்ள கேட்டுட்டு சொல்றேன்," என்றாள்.

"சொல்லுங்கக்கா. முடியலேன்னாலும் சொல்லிடுங்க. வெள்ளிக்கிழமை வந்துடறேன்."

வெளியே வந்தவளின் முகத்தில் வியர்வை. "எல்லாம் கேட்டுச்சா மேம்?" என்றாள். கேட்டது என்றேன். மெயின் ரோட்டுக்கு நடந்தோம். பாராட்ட நினைத்தேன், அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது. அங்கே இறங்கி வளவனூருக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். படியில் நின்றபடியே கை காட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு மாவு கரைத்தேன். மணப்பெண்ணின் எண் என் போனில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு முறை எடுத்து, கீழே வைத்தேன். வீட்டுக்காரர், "யாருக்கு?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். பத்தொன்பது வயதுப் பெண் ஒரு பரீட்சையையே பணயம் வைத்து இன்னொருத்திக்கு விட்டுவைத்த சுதந்திரம் அது. அதில் என் விரல் படக் கூடாது. என் வகுப்பின் பாடத்தை இவ்வளவு தூரம் நம்பிய ஒருத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

மறுநாள் காலை மோட்டார் போடப் போகும் வழியில் போனைப் பார்த்தேன். இரவே என் மாணவி ஒரு குரல் பதிவை அனுப்பியிருந்தாள். மணப்பெண் குரல்: "கடையில சரின்னுட்டாங்க. வியாழக்கிழமை காலையிலயே வந்துடும்மா. முகூர்த்தத்துக்கு லேசா இறங்கினா பரவால்ல, எனக்கு உன் கைதான் வேணும். நீ பரீட்சைய நல்லா எழுது." அதன் கீழே என் மாணவி ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஒத்துக்கிட்டாங்க மேம். அவங்களாவே."

மோட்டார் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் போனில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். முதலில், "பார்த்தேன். மகிழ்ச்சி. போய்ப் படி" என்று பதில் எழுதி அனுப்பினேன். பிறகு மோட்டார் போட்டேன்.