உருளியும் நெளிந்த உருளியும்

1. எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்தது, கணக்கில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.
2. பள்ளிக்குப் பிந்தைய இரண்டு வருஷப் படிப்பான ப்ரீடிகிரி விண்ணப்பத்தில் அப்பா பென்சிலால் ஃபோர்த் குரூப், அதாவது காமர்ஸ், என்று குறித்தார்.
3. கணிதமுள்ள ஃபர்ஸ்ட் குரூப் கேட்டு நான் இரண்டு வேளை உண்ணாவிரதம் இருந்தேன். இடையில் தின்ற பழம்பொரி சேர்த்தியில்லை.
4. ஒரே ஒரு கணக்கில் அண்ணனை ஜெயித்தால் என் இஷ்டம் என்றார் அப்பா.

அண்ணன் என்பது பெரியப்பா மகன். எங்கள் வீட்டில் தங்கி இன்ஜினியரிங் படித்தான். கால்குலேட்டர் வைத்திருந்தான். அவனுடைய பழைய புத்தகத்தில் அப்பா கண்ணை மூடி விரல் வைத்தார்: y = x(x−1)(x−2)(x−3). வரைபடம் வரைய வேண்டும்.

அண்ணன் −1 முதல் 4 வரை ஒவ்வொன்றாகத் தட்டினான். இருபத்துநான்கு, நான்கு பூஜ்யங்கள், மறுபடி இருபத்துநான்கு. புள்ளிகளை ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டான். நான் எதையும் பெருக்கவில்லை. கோடு அச்சை வெட்டும் நான்கு இடங்களைக் குறித்தேன். ஒவ்வொரு வெட்டிலும் குறி மாறும் என்பதால் கீழே, மேலே, கீழே என்று வளைத்து, இரு முனைகளையும் மேலே ஏற்றிவிட்டேன்.

பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்து, அகன்ற வாயும் தட்டை அடியுமான உருளிகள் விற்ற அப்பா இரண்டையும் பார்த்தார்.

"இவன் வரைஞ்சது நல்ல உருளி. உனக்குள்ளது நெளிஞ்ச உருளியல்லா?"

"எடீ, மெஷின் பொய் சொல்லுமா?" என்றான் அண்ணன். "சும்மா பாம்பு வரைஞ்சு வச்சிருக்கே."

குறி மாறும் என்று சொன்னால் அப்பாவுக்குப் புரியாது. ஃபோர்த் குரூப்பை உறுதியாக எழுத அவர் கை பேனாவைத் தேடியது.

அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு வந்த அம்மா இரண்டு தாள்களையும் எட்டிப் பார்த்தாள். "மொத ரெண்டு சைபருக்கும் நடுவுல அரையைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க அவன."

அண்ணன் 0.5 தட்டினான். முகம் மாறியது. "மைனஸ்."

"இனி ஒண்ணரை," என்றாள் அம்மா.

"ப்ளஸ்." என் பாம்பு வளைந்தபடியே, முதலில் கீழே, பிறகு மேலே.

அப்பா நான்கை அழித்து ஒன்று என்று எழுதினார். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை. கால்குலேட்டர் இல்லாமல் ஓர் இன்ஜினியரைத் தோற்கடித்தேன் என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். அந்த அரையை அம்மா எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

இன்று நான் இன்ஜினியர். ப்ரீடிகிரியில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து, கல்யாணத்துக்காக ஒரே வருஷத்தில் நின்றவள் அம்மா. இது எனக்குத் தெரிந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.