ஏர்போர்ட் வரிசை

நடக்க நடக்க பூட்ஸுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று சத்தம் போட்டது. சோழவரம் ஏரிக்கரை முடிந்து கொல்கத்தா சாலையில் ஏறி, வடக்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான், கம்பெனியின் ரப்பர் பூட்ஸோடு வந்துவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது. என் செருப்பு யார்டில், கோணிகள் அடுக்கிய கொட்டகையில் கிடந்தது. மாற்றுச் சட்டையும் அங்கேதான். சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னா தலைவா, ஏரிய எங்க உட்டுட்டு வந்துட்ட?" என்று கேட்டுக்கொண்டே போனார். நான் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். எளாவூர் சோதனைச் சாவடி வரைக்கும் போய்விட்டால் போதும். அங்கே வரிசையில் நிற்கும் லாரிகளில் ஏதாவது ஒன்றுக்குக் கிளீனர் தேவைப்படும். அப்படி ஏறிப் போயே என் வாழ்க்கையில் பாதி ஓடியிருக்கிறது.

ஓடிப்போவது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினேன். அப்புறம் செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளை, பழவேற்காட்டில் இறால் பண்ணை, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் மில். எந்த இடத்திலும் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை. ஒரு நாள் காலையில் இருக்க மாட்டேன், அவ்வளவுதான். நான் இருந்ததால் யாருக்கும் பெரிய லாபம் இல்லை, போனதால் நஷ்டமும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, நான் போவதால் ஒருத்திக்கு நல்லது நடக்கும் என்று இருந்தது. அந்த ஒருத்தியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவள் எனக்கு அக்கா இல்லை.

விமான நிலையத்துக்குப் போகும் மெட்ரோ பாதைக்கான பாலத் துண்டுகளை வார்க்கும் யார்டு அது. ஏரிக்குப் பின்னால், நெல் விளைந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சமப்படுத்திப் போட்டிருந்தார்கள். கம்பி கட்டவும் கான்கிரீட் போடவும் வடநாட்டுப் பையன்கள் வந்திருந்தார்கள். மற்றக் கூலி வேலை ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான். நிலம் கொடுத்தபோது ஊரில் போட்ட பேச்சு அது. இது தெரியாமல் நான் கேட்டில் போய் நின்று வேலை கேட்டேன். "வெளியூர் ஆளு வேணாம், போ" என்று வாட்ச்மேன் விரட்டிக்கொண்டிருந்தபோது, தலையில் ஈரக் கோணிக் கட்டோடு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண் உள்ளேயிருந்து வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவன் ஏன் வெளியூரு? என் தம்பிதான். மெட்ராஸ்ல இருந்தான், இப்பதான் வந்துகீறான்" என்றாள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

உள்ளே வந்த பிறகு, "ஏங்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"எல்லாக் கோணியும் நானே தூக்கிக்கினு கீறேன், கழுத்து போவுது. தம்பின்னு சொன்னா சும்மா தூக்குவ இல்ல?" என்று சொல்லிக் கோணிக் கட்டை என் தலைக்கு மாற்றினாள். அன்றிலிருந்து நான் தம்பி. சூப்பர்வைசருக்கும், கேன்டீன்காரருக்கும், கடைசியில் எனக்கும்.

எங்கள் வேலை தண்ணீர் ஊற்றுவது. ஒவ்வொரு துண்டும் ஓர் அறை அளவு இருக்கும், நடுவில் வெற்று. அச்சிலிருந்து கழற்றிக் கிரேனில் தூக்கி வரிசையில் வைத்ததும் கோணி போர்த்தி, காய விடாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்தால் முடிபோல் விரிசல் விழும். புதுத் துண்டில் கை வைத்தால் உள்ளிருந்து சூடு ஏறும். அக்கா உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இதுக்கு ஜொரம் அடிக்குது, இத மொதல்ல பாரு" என்பாள். ரப்பர் குழாயின் வாயில் கட்டைவிரலை அழுத்தி, தண்ணீரை விசிறியாக விரித்து அடிப்பாள். நாள் முழுக்க ஊறி அந்த விரல் மட்டும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். விமான நிலையப் பாதைக்கான துண்டுகள் அடுக்கிய வரிசையை எல்லோரும் ஏர்போர்ட் என்றுதான் சொல்வோம். போனில் யாராவது அக்காவை எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், "ஏர்போர்ட்ல கீறேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுவாள். செங்குன்றத்தில் இருந்த அவளுடைய நாத்தனார் ஒருத்தி அதை நம்பி, துபாய்க்குப் போகப் போகிறாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மத்தியானம் ஏதாவது ஒரு துண்டின் வெற்றுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஈரக் கான்கிரீட்டுக்குள் ஏசி போட்ட மாதிரி இருக்கும். "மேல ரயிலு போவும். அதுல போறவனுக்குத் தெரியுமா, அவனுக்குக் கீழ நாம கருவாட்டுக் கொழம்பு துன்னோம்னு?" என்பாள்.

அவள் மட்டும் அவசரமாகச் சாப்பிடுவாள். மீதி நேரத்தில் வீட்டுக்கு ஓட வேண்டும். யார்டின் பின்வேலிக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வரப்புதான். வீட்டில் அவள் புருஷன் படுத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மத்தியானம் ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு வருவாள். யார்டு வேலை அவளுக்கு முக்கியமானது அதனால்தான். வரப்பைத் தாண்டினால் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து என்னைக் கூப்பிடுவாள். இருவரும் சேர்ந்து அவரைத் தூக்கி வெளியே கல்லில் உட்கார வைத்துக் குளிப்பாட்டுவோம். நான் அவரை மாமா என்று கூப்பிட்டேன். "மச்சான் வந்துட்டான், தொட்டி ரொப்பு" என்று அவர் கட்டிலிலிருந்தே குரல் கொடுப்பார். முதுகில் புண் இருக்கிறதா என்று நான்தான் பார்த்துச் சொல்வேன். ஒரு புண்கூட இருந்ததில்லை. இதைச் சொல்லக் காரணம், அந்த மத்தியான ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது என நான் சொல்லிக்கொள்ள முடியாது என்பதுதான்.

கோடையில் கிணறுகள் இறங்கின. ஒரு நாள் நெல் போட்டிருந்தவர்கள் கேட்டில் வந்து நின்றார்கள். "உங்க கல்லுக்கு இவ்ளோ தண்ணி ஊத்திக்கினு இருந்தா எங்க நெல்லு இன்னாத்தக் குடிக்கும்?" என்று ஒருவர் கேட்டார். இனித் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாக ஒரு மருந்து வந்திருக்கிறது, தெளித்தால் படலம் மாதிரி மூடிக்கொள்ளும், ஈரம் உள்ளேயே நிற்கும் என்று ஆபீஸில் சொன்னார்கள். வயலில் பூச்சிமருந்து அடிக்கும் அதே மாதிரி முதுகில் மாட்டும் டப்பா. தண்ணீர் ஊற்றிய அத்தனை பேரும் இனித் தேவையில்லை. ஊரில் மறுபடி பேசி, வீட்டுக்கு ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. சூப்பர்வைசர் தெற்கத்திக்காரர், நல்ல மனிதர். எங்கள் இருவரையும் ஏர்போர்ட் வரிசையிலேயே வந்து பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடு. யாரு இருக்கீங்கன்னு அக்காவும் தம்பியும் பேசிச் சொல்லுங்க. டப்பா கனம். தம்பின்னா எனக்குச் சௌகரியம்."

அக்கா குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் என் பூட்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "இன்னா தம்பி சொல்ற?" என்று என்னைக் கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள். 'இவங்க எனக்கு அக்கா இல்ல சார்.' இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அவளாகச் சொன்னால் என்னை வெளியே தள்ளியதாக ஆகும். அதனால் எனக்காகக் காத்திருந்தாள். நான் சொன்னால் சூப்பர்வைசர் சிரித்திருப்பார், என்னை அனுப்பிவிட்டு அவளை வைத்துக்கொண்டிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. அக்கா என்ற அந்த வார்த்தையை வாயால் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றேன். அவர் ஆபீஸ் பக்கம் திரும்பியதும் நான் கேட்டைப் பார்த்து நடந்தேன். சொல்ல முடியாவிட்டால் என்ன, போய்விடலாம். எனக்கு நன்றாக வரும் வேலை அது ஒன்றுதான்.

கவரப்பேட்டையில் ஒரு டிராக்டர்காரர் ஏற்றிக்கொண்டார். எளாவூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தேன். சோழவரத்துத் தண்ணீர் எளாவூர் மண்ணில் ஓடியது. கால் விரல்கள் அக்காவின் கட்டைவிரல் மாதிரி வெளுத்திருந்தன. ஓங்கோல் போகும் லாரி டிரைவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பூட்ஸோட வந்துகீற, மிலிட்டரியா? கிளீனரு ஊருக்குப் பூட்டான், வர்றியா? சோறு என்னுது" என்றார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். நான் எழுந்து படியில் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துவிட்டேன்.

ஏன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். செருப்பு அங்கே கிடக்கிறது, கம்பெனி பூட்ஸைத் திருட்டுப் பூட்ஸ் என்பார்கள் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எனக்கு ஏறப் பிடிக்கவில்லை. முட்டி வலித்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறது, மாமாவுக்குத் தொட்டி ரொப்ப வேண்டும் என்று நினைப்பு ஓடியது. யாரோ என்னைத் தேடுவார்கள் என்ற நினைப்பு அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. தம்பி என்று கூப்பிட்டவளுக்காகப் போகக் கிளம்பியவன், தம்பி என்று கூப்பிட ஆள் இருக்கிறது என்பதற்காகவே திரும்பினேன். எங்கெங்கேயோ ஓடியவன், ஓட வேண்டிய அன்றைக்கு ஓடவில்லை.

இப்போது யார்டு இல்லை. நான் நகரத்துக்கு மேற்கே ஒரு குடோனில் மூட்டை இறக்குகிறேன். வேலைக்குப் போகும் வழியில் அந்த மெட்ரோ பாதையின் தூண்கள் நிற்கின்றன. துண்டுகளை ஒன்றோடு ஒன்று கோர்த்து மேலே பாலமாகக் கூட்டிவிட்டார்கள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வெற்று அதில் எங்கோ இருட்டாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வேலை போனதும் அக்கா கும்மிடிப்பூண்டியில் பழைய பேட்டரி பிரிக்கும் கம்பெனிக்கு வேனில் போக ஆரம்பித்தாள். விடியலில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். மாமாவை மத்தியானம் புரட்ட ஆள் இல்லை. அந்த வருஷ மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் திருப்பியபோது முதல் புண்ணைப் பார்த்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதைக் குறைத்தேன். பிறகு போகவே இல்லை. கடைசியாக அவளைச் சோழவரம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அக்கா என் தோளைத் தொட்டு அவளிடம் சொன்னாள்: "என் தம்பி. ஏர்போர்ட்ல கீறான்." கிண்டலா என்று அவள் கண்ணைப் பார்த்தேன். கிண்டல் இல்லை.

நான் ஓடிப்போன மறுநாள் விடிந்ததும், எளாவூரிலிருந்து காலி லாரி ஒன்றில் சோழவரத்துக்கு வந்து இறங்கினேன். கேட்டைத் தாண்டி ஏர்போர்ட் வரிசைக்குப் போனால், அக்கா முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். நான் ஓடிவிட்டேன் என்று தெரிந்ததும், நீங்களே பாருங்கள் என்று முந்தின சாயங்காலம் சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். பம்பு அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் வெள்ளைத் துளிகள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அடப்பாவி, நீ பூட்டன்னு இல்ல நெனச்சேன். நைட்டு துன்னியா?" என்றாள். அந்தச் சந்தோஷம் நிஜம். அது அடங்கி, நான் வந்திருப்பதன் பொருள் அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பின்னால் வந்த சூப்பர்வைசர், "தம்பி வந்தாச்சா, அப்ப நல்லதாப் போச்சு" என்றார். அக்கா தோளிலிருந்து வாரைக் கழற்றினாள். "எனக்காகக் கொறச்சி வெச்சிக்கீறேன், நீ நீட்டிக்கோ" என்று, அவளே வாரை நீட்டி என் முதுகில் மாட்டிவிட்டாள். அவள் முதுகின் சூடு வாரில் இருந்தது. பிறகு கீழே கிடந்த ரப்பர் குழாயை வளையமாகச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள்.

நான் பம்பை அடித்தபடி முதல் துண்டிலிருந்து தொடங்கினேன். வெள்ளை மருந்து பால் மாதிரி படிந்தது. வரிசை நெடுக நடந்தேன். பூட்ஸ் காய்ந்திருந்தது, சத்தமே வரவில்லை.