கச்சேரியில் நடந்த கலியாணம்

"நான் அவற்ற மனுசி எண்டதுக்கு இப்ப பேப்பர் கேக்கினம், அண்ணை..."

போன மாதம் என் தங்கை ராணி, கையில் ஒரு கடிதத்துடன் எங்கள் லண்டன் மனோர் பார்க் வீட்டுக் குசினியில் நின்று அழுதாள். அவள் கணவர், என் மச்சான், அமெரிக்காவில் வேலை செய்தவர். முருகனடி சேர்ந்து ஒரு வருடம். அதன்பிறகு அவள் எங்களோடுதான். விதவைப் பென்சனுக்கு எழுதிப் போட்டால், அமெரிக்காவிலிருந்து பதில் வருகிறது — கலியாணப் பதிவுப் பத்திரம் அனுப்பவும்!

முப்பது வருடத்தில் ஏழு வீடு மாறியவர்கள். பத்திரம் எங்கே போனதோ?

"எங்க பதிஞ்சனீங்கள்?"

"கச்சேரியில, அண்ணை."

எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர், மாவட்ட அலுவலகம். அவர்கள் அப்போதிருந்த கவுண்டியின் — கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி — நிர்வாக அலுவலகத்தைத் தேடிப்பிடித்து ஈமெயில் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில்தான். அவர்கள் றோட்டும் தண்ணீரும் பார்க்கிறவர்களாம். 'இங்கே அப்படி ஒரு பதிவும் இல்லை' என்று ஒரு வரி வந்தது.

ராணி அன்று சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுக் கவிதா கோயம்புத்தூர்ப் பிள்ளை. லண்டனுக்கு முன் அமெரிக்காவில் ஐ.டி. வேலை பார்த்தவள். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "கல்யாணத்துல கச்சேரி வைப்பாங்க. கச்சேரியில கல்யாணமா? யாரு பாடினாங்க, அக்கா?"

நான் விளக்கியதும், "சரி, அந்தக் கட்டடம் எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"பெரிய தூண். மேல மணிக்கூடு. உள்ள..." ராணி என் முகத்தைப் பார்த்தாள். "உள்ள கறுத்த அங்கியோட ஒரு நீதவான்."

"அக்கா, அது கோர்ட்ஹவுஸ்!"

ராணி தலையைக் குனிந்துகொண்டாள். "கோட்டுக்குப் போனனாங்கள் எண்டு அம்மாவுக்கு எப்பிடிச் சொல்லுறது? அதான் கச்சேரி எண்டனான்."

கோட்டுப் படி ஏறாத குடும்பம் என்று பெருமை பேசுகிறவர்கள் நாங்கள். அந்தப் பயத்தில் ஒரு சொல்லை முப்பது வருடம் மறைத்திருக்கிறாள்!

கவிதா போனில் அந்தக் கவுண்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். சோளக்காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே சின்ன இடம். கோர்ட்ஹவுஸ் யாருடைய ஊரில் வருவது என்று இரண்டு ஊர்கள் வருடக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கின்றன. கோயில் நிர்வாகத்துக்கு அடிபடும் நாங்கள் அவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்! முதல் கட்டடம் மரத்தால். இரண்டாவது எரிந்துபோனது, அத்தனை பதிவேடுகளோடும்...

முருகா!

"அண்ணா, அது நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. கீழ படிங்க."

அந்த நெருப்புக்குப் பிறகுதான், இப்போதுள்ள கட்டடத்தில் பதிவேடுகளுக்கென்றே இரும்புக் கதவு போட்ட அறை கட்டினார்களாம். வழக்கு மட்டுமல்ல, காணி உறுதிப் பத்திரம், கலியாணம், எல்லாம் அங்கேதான். அப்படியானால் அது கச்சேரிதானே? ராணி பொய்யே சொல்லவில்லை! ஒரே வித்தியாசம் — நம் கச்சேரியை நடத்தும் அரசாங்க அதிபரைக் கொழும்பு அனுப்பும். அங்கே பதிவேடு காக்கிற கிளார்க்கைக்கூடச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது.

பின்னேரம் மூன்று மணிக்கு அந்தக் கோர்ட்ஹவுசுக்குப் போன் எடுத்தோம். அங்கே காலை. லிண்டா என்று ஒரு பெண்மணி. விபரம் கேட்டார், பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ராணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பிறகு தாள் புரளும் சத்தம். மச்சானின் நீண்ட பெயரை அந்த அம்மா தடக்கித் தடக்கி, ஆனால் ஓரெழுத்தையும் விடாமல் வாசித்தார். சி-வ-சுப்-பிர-ம-ணி-யம். "இவர்தானா?"

ராணி போனைப் பறித்தாள். "ஓம்... ஓம்... யெஸ். மை ஹஸ்பண்ட்."

உயிரைக் காக்க ஓடிய நாங்கள் எத்தனை பேப்பரைத் தொலைத்திருப்போம்! முகம் தெரியாத யாரோ ஒருவர் அதில் ஒன்றை இரும்புக் கதவுக்குள் காத்து வைத்திருந்தாரே... அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?

பத்திரத்தின் பிரதி வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் ஒரு அர்ச்சனை. அர்ச்சனை யாருக்கு என்று ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"பேர் லிண்டா, ஐயா," என்றாள் ராணி. "நட்சத்திரம்... அது முருகனுக்குத் தெரியும்."