கழியும் கிணற்றுச் சுவரும்

அவர் நெற்றியில் இருந்த தழும்புகளெல்லாம் கிணற்றுச் சுவர் கொடுத்தவை. 1991-ல் பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்குக் குடியிருந்தபோது அவரைப் பார்த்தேன். பார்வை இல்லாதவர். நீச்சல் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். அகலமான வயல் கிணற்றில் அவர் பயிற்சி செய்வதை நான் பார்த்த நாளுக்கு மறுநாள் மெட்ராஸில் ஒரு போட்டி இருந்தது.

குதிக்கும் முன் கைகளை ஓங்கித் தட்டுவார். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஓசையைக் காது சாய்த்துக் கேட்பார்.

அவர் நீந்தி வரும்போது, எதிர்ச்சுவர் மேல் ஒருவர் நின்று துணிப்பந்து கட்டிய மூங்கில் கழியால் தலையில் தட்டவேண்டும். அதை வைத்துத்தான் திரும்புவார். வழக்கமாகத் தட்டும் அவர் தம்பிக்கு அன்று கம்பெனியில் ஓவர்டைம். வேடிக்கை பார்க்கப் போன என்னிடம் கழியை நீட்டினார்.

"எனக்கு நீச்சலே தெரியாதுங்க. கிணத்தப் பாத்தாலே காலு நடுங்குது" என்றேன்.

"அப்ப நீங்கதான் சார் கரெக்ட்டு. நீச்சல் தெரிஞ்சவன் என்னப் பாத்துக்கினு நிப்பான். பயந்தவன் செவுத்தப் பாப்பான்."

வாய்வரை நிறைந்திருந்த கிணற்றில் குதித்தார். சுவரை நோக்கி வேகமாக வந்தார். கொஞ்சம் பிந்தினாலும் மண்டை உடையும். தட்டினேன். சுவரை ஒட்டி உடம்பைச் சுருட்டித் திரும்பிப் படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

சுற்றி ஓடிப்போய்க் கைகொடுத்தேன். என் விரல்களைவிட அவர் விரல்கள் அதிகமாக நடுங்கின.

"குளிருதுங்களா?"

"இந்த வெய்யில்ல இன்னா சார் குளிரு?" என்றார்.

என் கையில் கழி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எதிர்ச்சுவருக்குப் போகச் சொல்லிவிட்டு, நடுங்கும் அதே கைகளை மறுபடி ஓங்கித் தட்டினார்.