கிண்ணத்துக்குள் உயிர்

மனைவி இறந்துபோன பிறகு ரொட்டிக்கடைக்காரர் கடையை மூடிவிட்டார். அவள் கடைசியாக வாங்கிய ஈஸ்ட் பொட்டலம் ஒன்று அலமாரியில் மிச்சமிருந்தது. அதில் இன்னும் உயிர் இருக்குமா? அவள் செய்வதுபோல முழங்கையை நனைத்து வெந்நீரின் சூடு பார்த்து, சர்க்கரையோடு ஈஸ்டையும் கலக்கினார்.

"இருக்கீங்களா?" என்று கிண்ணத்தைக் கேட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "யாரோட பேச்சுண்ணே?"

"ஈஸ்டோடம்மா. காளான் இனம், ஆனா கண்ணுக்குத் தெரியாது. இனிப்பைத் தின்னுட்டுக் காத்தை விடும். அதுலதான் மாவு உப்பும்."

"எங்க வீட்டுக்காரரேதான்!"

அவள் போனதும் வீடு மறுபடி அடங்கியது. கிண்ணத்தில் நுரை பொங்கியிருந்தது. மாவு பிசைந்து, அது உப்பியதும் அடுப்பருகே போய் நின்றார். சூட்டில் அத்தனையும் செத்துவிடும். இத்தனை வருடத்தில் அது அவரை உறுத்தியதில்லை.

ஒரு பிடி மாவைக் கிள்ளி ஜாடியில் போட்டுத் துணியால் மூடினார்.

"நாளைக்கும் இதுக்குத் தீனி போடணும்" என்று முனகியபடி மிச்சத்தை அடுப்புக்குள் தள்ளினார்.