பச்சை வயர்

ஜெரூஷாவுக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அனகாபுத்தூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது பல்லாவரம் சிக்னலில் சிவப்பு விழுந்தால், விரல்கள் கைப்பிடியில் தாளம் போடத் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும்போதும் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். "உன் காலுக்குக் கீழ அடுப்பா எரியுது?" என்று அவள் அம்மா ஞானஜோதி கேட்பார். சின்ன வயதில் சபையின் பாடகர் குழுவில் அவள் கையில் கிட்டாரைக் கொடுத்ததே அதனால்தான். கையில் ஏதாவது இருந்தால் இந்தப் பெண் ஆராதனை முடியும்வரை ஓடாமல் இருக்கிறாள் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

வார நாட்களில் கணக்கு. சனி, ஞாயிறு மாலைகளில் ஷ்யாம்சுந்தரின் இசைக்குழு. கல்யாண ரிசப்ஷன், காலனி விழா, பிள்ளையார் சதுர்த்தி, கிறிஸ்துமஸ் என்று யார் கூப்பிட்டாலும் போவார்கள். ஷ்யாம் கீபோர்டு வாசிப்பார். ஸ்பீக்கர், மிக்ஸர், கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எல்லாம் அவருடையவை. டிரம்ஸுக்கு அசரியா. ஜெரூஷா கிட்டாரும் பாட்டும். பிள்ளையார் பாட்டையும் மனதாரப் பாடுவாள். மேடையில் மட்டும் அவளை யாரும் "சும்மா நில்லு" என்று சொன்னதில்லை.

குழுவுக்கு ஒரே ஒரு எதிரிதான் இருந்தது: இரைச்சல். கிட்டார் ஆம்பை பிளக்கில் மாட்டியதும் ஸ்பீக்கரில் தேனீ புகுந்ததுபோல 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டின் மெதுவான இடங்களில் அது முன்வரிசை வரை கேட்கும். அதற்கு எல்லாக் குழுக்காரர்களுக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு. மூன்று பின் பிளக்கில் மேலே தடியாக இருக்கும் பின்னைக் கட்டிங் பிளேயரால் முறித்துப்போட்டால் போதும், இரைச்சல் நின்றுவிடும். அது எர்த் பின் என்பது எல்லோருக்கும் தெரியும். எர்த் எதற்கு என்பதைத்தான் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. "அண்ணா, இரையுது. பின்னைத் தூக்கிடுங்களேன்" என்று ஜெரூஷாவே சொல்லியிருக்கிறாள்.

பின் போனபிறகு மைக் உதட்டைக் கிள்ளும். அதற்கும் வைத்தியம் இருந்தது. மைக்கின் தலையில் ஒரு ஸ்பாஞ்ச் உறை. உறை கிடைக்காவிட்டால் கைக்குட்டை. "மைக் முத்தம் குடுக்குது, வாங்கிக்கோ" என்று அசரியா கேலி செய்வான்.

தாம்பரத்தில் ஒரு ரிசப்ஷனில் அது கிள்ளலோடு நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஏ.சி. ஒழுகிக் கம்பளம் ஈரமாக இருந்தது. இரண்டாம் சரணம் தொடங்கும் இடம். ஜெரூஷாவின் இடது கை கிட்டார் கம்பிகளின்மேல், வாய் மைக்கில். சரணம் வரவில்லை. வரி மறந்துவிட்டாள் என்று நினைத்த ஷ்யாம் அதே இசையைத் திரும்ப வாசித்தார். முன்வரிசையில் யாரோ உற்சாகப்படுத்தக் கைதட்டினார்கள். அசரியாவுக்கு மட்டும் ஏதோ உறைத்தது. ஜெரூஷா அசையாமல் நிற்கிறாள். அவள் அப்படி நின்று அவன் பார்த்ததே இல்லை. குச்சிகளை வீசிவிட்டு வந்து ஷூ காலால் மைக் ஸ்டாண்டை உதைத்தான். ஸ்டாண்ட் ஒரு பக்கம் விழுந்தது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். மண்டபத்து வயரிங் சரியில்லை என்றார் ஷ்யாம். ஆம்பைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், உள்ளே ஒரு வயரின் தோல் தேய்ந்து கரண்ட் இரும்புச் சட்டத்தில் பாய்ந்திருக்கிறது, கிட்டார் கம்பி வரைக்கும் வந்திருக்கிறது என்றார். எர்த் இருந்திருந்தால் அது அந்த வழியாகப் போய் ஃபியூஸைத் தூக்கியிருக்கும். இல்லாததால் ஜெரூஷா வழியாகப் போயிருக்கிறது. வயரை மாற்றினார்கள். "பிளக்கையும் மாத்திடறேன், சத்தியமா" என்றார் ஷ்யாம்.

அதன்பின் அவள் கிட்டாரைத் தொடவில்லை. வயரில்லாத கார்ட்லெஸ் மைக்கில் பாட மட்டும் செய்தாள். குழுவில் அவளுக்குக் 'கரண்ட் அக்கா' என்று பெயர் விழுந்தது. சிரித்துக்கொண்டாள். ஆனால் முன்பு தாளம் போட்ட விரல்கள் இப்போது வேறு வேலை செய்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் ஃபிரிட்ஜின் பின்னால் பிளக்கைத் தடவிப் பார்ப்பாள். கரண்ட் இருந்தால் விரல்கள் பிடித்துக்கொண்டுவிடுமே என்று, பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மெஷினைப் புறங்கையால்தான் தொடுவாள். ராத்திரியில் எழுந்து ஹாலில் நடப்பாள்.

கிட்டாருக்குப் புதிதாக ஸஹானா வந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. நன்றாக வாசிப்பாள், அதைவிட நன்றாகப் பாடுவாள். அவளுடைய முதல் மேடை பொழிச்சலூரில் ஒரு காலனியின் பிள்ளையார் சதுர்த்தி விழா.

அன்று மத்தியானமே மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேடைக் கம்பளத்தை மிதித்தால் தண்ணீர் கசிந்தது. மேடையின் ஓரத்தில் பிள்ளையாரும் குத்துவிளக்கும். அதனால் எல்லோரும் செருப்பைக் கீழே விட்டு வெறுங்காலோடு ஏறியிருந்தார்கள், ஜெரூஷா உள்பட. முன்வரிசையில் ஸஹானாவின் அம்மா மிருதுளா இப்போதே செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

ஸஹானா மைக்கில் "ஹலோ, செக்" என்றாள். சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துச் சிரித்தாள். "அக்கா, லேசா கிள்ளுது."

"ஸ்பாஞ்ச் போடும்மா" என்றார் ஷ்யாம் கீபோர்டிலிருந்து.

ஜெரூஷா ஆம்பின் பின்னால் போய்க் குனிந்தாள். பிளக்கில் இரண்டு பின்தான் இருந்தது.

"அண்ணா, மாத்தறேன்னீங்க."

"மாத்தினேன் ஜெரூ. இரைஞ்சு தள்ளிடுச்சு. அதான் பழையதையே போட்டுட்டேன். ஆம்ப் சர்வீஸ் பண்ணியாச்சே, அப்புறம் என்ன?"

"இன்னொரு வயர் தேயாதா? கால்ல செருப்புகூட இல்ல, கீழ பாருங்க ஈரம்."

காலனிச் செயலாளர் ராஜகோபாலன் அதற்குள் மேடைக்கு வந்துவிட்டார். "என்னம்மா, ஆரம்பிக்கலாமா? ஜனங்க வந்தாச்சு."

"சார், இந்தப் பொண்ணு மட்டும் செருப்பு போட்டுக்கட்டும் சார். ரப்பர் செருப்பு."

அவர் தர்மசங்கடமாகப் பிள்ளையாரைப் பார்த்தார். "சாமி இருக்கற மேடைம்மா." கீழேயிருந்து ஒரு குரல், "அவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாதுல்ல" என்றது. ஜெரூஷாவின் முகம் சூடேறியது. தன் வெறும் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். ராஜகோபாலனே சமாதானத்துக்கு வந்தார். "ஒண்ணு பண்ணலாம். எங்காத்து மணைப்பலகையைக் கொண்டுவரச் சொல்றேன். அதுமேல நின்னு பாடட்டும். அதுல ஒரு தோஷமும் இல்ல."

பலகை வந்தது. ஸஹானா அதன்மேல் ஏறி நின்றாள். ஷ்யாம் கைகளை விரித்தார். "போதுமா? இப்ப திருப்தியா?"

போதாது என்று ஜெரூஷாவுக்குத் தெரிந்தது. கரண்ட் கால் வழியாகப் போகவேண்டும் என்று கட்டாயமில்லை. கையில் ஏறி வாயில் இறங்கிவிடும், நடுவில் நெஞ்சு இருக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தாள். எர்த், சட்டம், மிக்ஸர், பிளக் என்று வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கணக்கு டீச்சருக்குக் கரண்டை விளக்க வரவில்லை.

"நீங்க சொல்றது எதுவுமே புரியலக்கா" என்றாள் ஸஹானா, கோபமில்லாமல்.

"அவ பயந்துட்டாம்மா, பாவம். நீ பயப்படாதே" என்றார் ஷ்யாம். "அசரியா, கவுண்ட் குடு மச்சான்."

அசரியா குச்சிகளைத் தூக்கினான். ஜெரூஷா பிளக்கை உருவினாள். டிரம்ஸின் பக்கத்தில் திறந்து கிடந்த டூல் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்தாள். பிளக்கை வயரிலிருந்து வெட்டித் துண்டாக்கினாள்.

ஷ்யாம் கீபோர்டை விட்டு எழுந்தார்.

"பைத்தியமாடி உனக்கு?" ஷ்யாமின் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குப் போனது.

ஸஹானா கிட்டார் இல்லாமல், கார்ட்லெஸ் மைக்கைப் பிடித்துப் பாடினாள். இன்னொரு கையை என்ன செய்வதென்று தெரியாமல் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் நடுங்கியது. ஜனங்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். கீழே மிருதுளா ஜெரூஷாவை மறித்தார். "ஒரு வருஷமா இந்த நாளுக்காகக் காத்துண்டிருந்தா. உங்க எடத்துக்கு வந்துட்டான்னு பொறாமை. அதானே?" ஜெரூஷா அவரைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகாமல் போன ஒன்றை எடுத்து யாரிடம் காட்டுவது?

வீட்டுக்கு வருவதற்குள் குழுவின் வாட்ஸப்பிலிருந்து ஷ்யாம் அவளை நீக்கியிருந்தார்.

அந்த வாரம் முழுக்க அவள் அனலில் நின்றவள்போல இருந்தாள். தான் வெட்டியது சரியா, பயமா, மிருதுளா சொன்னதுபோலப் பொறாமையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது என்றே தோன்றியது. இருந்தால் என்ன, பிளக்கில் பின் இல்லாததும் உண்மைதானே. சனிக்கிழமை அசரியா போன் செய்தான்.

"அக்கா, நாளைக்கு சாய்ங்காலம் ராஜகீழ்ப்பாக்கத்துல ரிசப்ஷன் கீது. ஸஹானாதான் கிட்டார். அண்ணன் புது பிளக் போட்டுட்டாரு, நீ கவலப்படாத."

"மூணு பின்னும் இருக்கா?"

"கீதுக்கா. நானே பார்த்தேன். ஆனா..."

"ஆனா இன்னா?"

"சத்தமே வரலக்கா. ஒரு சொட்டு இரைச்சல் இல்ல."

மூன்று பின்னும் இருந்தால் இரையவேண்டுமே. ஞாயிறு மாலை ஜெரூஷா ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு எல்லா சிக்னலும் அவளுக்கு எதிராகவே விழுந்தது.

மண்டபத்தில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை. மேடையில் ஸஹானா கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தாள். ஷ்யாம் நிமிர்ந்து பார்த்தார். "யாரு கூப்ட்டா உன்னை?"

"யாரும் கூப்பிடல அண்ணா. பாட வரல. பிளக்கைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"பாத்துக்கோ. மூணு பின்னு. எண்ணத் தெரியுமில்ல, கணக்கு டீச்சர்?"

அவள் பிளக்கை உருவி, நடுவில் இருந்த திருகைக் கழற்றினாள். மூடி திறந்தது. சிவப்பு வயரும் கறுப்பு வயரும் அதனதன் பின்னில் இறுகியிருந்தன. பச்சை வயர் எந்தப் பின்னிலும் இல்லை. மடித்து ஓரமாகச் செருகி, மேலே டேப் ஒட்டியிருந்தது. தடித்த பின் வெறுமனே நின்றது.

அசரியா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அண்ணே, இன்னா வேல பண்ணி வெச்சிருக்க?"

"இரையும்டா!" ஷ்யாமின் குரல் உடைந்தது. அவர் கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி நன்றாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. "ரிசப்ஷன்ல இரைஞ்சா அடுத்த தடவை யாரு கூப்பிடுவா? இத்தனை வருஷமா இப்படித்தான் வாசிக்கறோம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஆச்சு."

ஸஹானா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். திறந்து கிடந்த பிளக்கைப் பார்த்தாள். பிறகு ஜெரூஷாவைப் பார்த்தாள். "அக்கா, கரண்ட் எப்படிப் பாயும்னு எல்லாம் வேணாம். அன்னைக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அம்மாகூட.

"கத்தினேன்" என்றாள் ஜெரூஷா. "கத்தினேன்னுதான் நெனச்சேன். சத்தம் வரல. வாய் மைக்லதான் இருக்கு, கை கம்பிய விடமாட்டேங்குது. முன்னாடி எல்லாரையும் பாக்கறேன். கைதட்டறாங்க. வரி மறந்துட்டேன்னு கைதட்டறாங்க. பத்து ஸ்பீக்கர் இருந்துச்சு ஸஹானா, என்னால ஒருத்தரைக்கூடக் கூப்பிட முடியல."

ஸஹானா கழுத்திலிருந்து கிட்டாரின் வாரைக் கழற்றினாள். கிட்டாரை அதன் ஸ்டாண்டில் வைத்தாள்.

"ஷ்யாம் அண்ணா, பச்சை வயரை முடுக்குங்க. இல்லன்னா நான் இன்னைக்கு இதைத் தொடமாட்டேன். எங்கம்மா கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"இரையும்மா..."

"இரையட்டும் அண்ணா. நான் சத்தமா பாடறேன்."

ஷ்யாம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. ஜெரூஷாவின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்குவதுபோல வாங்கினார். டேப்பை உரித்து, பச்சை வயரின் நுனியைச் சுரண்டி, தடித்த பின்னில் முடுக்கினார். அசரியா மண்டபத்து எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தான். அவர் ஒரு டெஸ்ட் பல்பை சாக்கெட்டில் வைத்துப் பார்த்து, "எர்த்து நல்லா இருக்கு" என்றார். ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுத்தார்கள். ஸ்விட்சைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைந்தது. ஷ்யாம் பல்லைக் கடித்துக்கொண்டார். ஸஹானா புறங்கையால் முதலில் மைக்கைத் தொட்டாள், பிறகு உதட்டால். "கிள்ளல" என்றாள்.

மாப்பிள்ளை, பெண் வந்தார்கள். பாட்டு தொடங்கியது. ஷ்யாம் ஜெரூஷாவை மேடைக்குக் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு நாற்காலியும் இல்லை. மேடைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில், சுவரில் மேடையின் மெயின் ஸ்விட்ச் இருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள். போகிற வருகிற பரிமாறுபவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன?

ஸஹானா நன்றாகப் பாடினாள். சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு வாங்க நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் ஜெரூஷாவின் கை ஸ்விட்சுக்குப் போனது. குரல் திரும்பக் கேட்டதும் இறங்கியது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும் போனது.