மெதுவாகப் படித்த கதை

கண் ஆபரேஷன் ஆன கணவருக்கு நாவல் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்காரப் பெண் தரை துடைக்க உள்ளே வந்தாள்.

"ஏன் முணுமுணுக்கறே? காதுல விழலை," என்றார் அவர்.

என் குரல் தானாகவே தாழ்ந்திருந்தது. அது அம்மாவின் வழக்கம்.

1930களில், நான் சிறுமியாக இருந்தபோது, மயிலாப்பூர் வீட்டின் பின்கட்டில், வறுத்த காப்பிக்கொட்டை மணக்கும் மத்தியானங்களில் அம்மா தொடர்கதை படிப்பாள். ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணின் கதை. அவளைக் கொட்டும் மழையில் துரத்திய இடம் வந்ததும் கேட்டுக்கொண்டிருந்த மாமிகள் அழுதார்கள். அம்மாவும் விசும்பினாள்.

"அப்பால அந்தப் பொண்ணு இன்னா ஆச்சும்மா?"

திறந்திருந்த கொல்லைக் கதவுக்கு வெளியே, கக்கூஸ் கழுவ வரும் முனியம்மா கூடையோடு நின்றிருந்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"கதை கேட்டுண்டா நிக்கறே? தள்ளிப் போ!" என்ற அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாள். மறுநாளிலிருந்து முனியம்மா வரும் நேரத்தில் குரலைத் தாழ்த்திப் படித்தாள். மாமிகள் நெருங்கி உட்கார்ந்து அழுதார்கள்.

இப்போது ஈரத்துணியைப் பிழியாமல் அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமாத்தான் படியேன்," என்றார் கணவர்.

"தொண்டை கட்டிண்டிருக்கு," என்றேன்.